ஏறுகிற வண்டி

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வெள்ளை.
அதில் எழுதினேன்: பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது,
நாலு மாசம்.
திரும்பிப்போன ஒவ்வொரு தவணைக்கும்
ஐந்நூற்றுத் தொண்ணூறு அபராதம்.
ஆகமொத்தம் எழுபத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
மாதேசு எட்டிப் பார்த்துவிட்டு
ஃபேனை ஒரு புள்ளி குறைத்தார்.
அன்றைக்கு அவரால் முடிந்த சிக்கனம் அது.

மழையில் மலைப்பாதை சரிந்தபோது தொடங்கியது.
அடிவாரத்தில் தடுப்பு வைத்தார்கள்.
ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றும் வேன்
கன்னங்குறிச்சி வேப்பமரத்தடியில்
காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நின்றது.
பாதை திறந்தபோது கிளட்ச் போயிருந்தது.
கிளட்ச் வந்தபோது சீசன் போயிருந்தது.

தர்ஷிகா தூங்கிய பிறகு
வழிகளைச் சொல்லிப் பார்த்தோம்.
ஆத்தூர் மச்சான் கொடுப்பார்.
கொடுத்ததை ஒவ்வொரு பொங்கலுக்கும்
கரும்போடு சேர்த்துத் தூக்கிவருவார்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கலாம்,
லட்சத்துக்கு முப்பதாயிரம் காற்றில் போகும்.
கொடி ஏற்கெனவே செவ்வாய்பேட்டை அடகுக்கடையில்;
கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிற்றுக்கு
எந்த வங்கியிலும் கிராம் விலை இல்லை.
மீட்டர் வட்டிக்காரன் பெயரை அவர் சொல்லத் தொடங்கினார்.
நான் பேனாவை மூடினேன்.
பெயர் பாதியில் நின்றது.

வேனை விற்றால்?
கேட்டது நான்தான்.
அவர் வெளியே போய்
நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.
அந்த வரியை அடித்தேன்.

பிறகு இரண்டு பேரும் ஒன்றாக மேலே பார்த்தோம்.
தளத்துக்கு மேல்
பூசாத செங்கல்லில் ஒற்றை அறை.
காசு தீர்ந்த இடத்தில் வீடு நின்றுபோன உயரம்.
நாம் அங்கே ஏறிக்கொண்டு
கீழ்வீட்டை வாடகைக்கு விட்டால்
அட்வான்ஸ் ஐம்பதாயிரம், மாசம் ஏழாயிரத்து ஐந்நூறு.
யார் குடித்தனம், யார் சொந்தக்காரர் என்பதைப்
பத்திரம் வைத்திருக்கும் கம்பெனி சொல்லட்டும்.

ஐந்து ரோட்டில், ஏசி போட்ட மாடியில் அந்தக் கம்பெனி.
மேனேஜர் தஞ்சாவூர்க்காரர், சமவெளி.
"மொத்தமா கட்டிடுங்களேன்" என்றார்,
காபி குடிச்சிடுங்களேன் என்கிற குரலில்.
ரசீதை நீட்டினேன்:
இப்போது ஐம்பது,
பாக்கி இருபத்தாறாயிரத்துச் சொச்சம்
நாலு பங்காக, தவணையோடு சேர்த்து.
அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.
அதுவரை வாய் திறக்காத மாதேசு சொன்னார்:
"சார், கொண்டை ஊசி வளைவுல
ஏறுற வண்டிக்குத்தான் எறங்குறவன் வழி விடணும்.
ஏறுறவன் நின்னுட்டா
மறுபடி எடுக்கறது கஷ்டம்."

மேனேஜருக்குப் புரிந்ததா தெரியாது.
குடும்பத்தோடு ஏற்காடு போனபோது
எந்த வளைவில் வாந்தி எடுத்தார் என்று சொன்னார்.
பதினாலாவது.
பிறகு, நாலு பங்குக்கு
ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார்.

காலையில் தர்ஷிகாவிடம் சொன்னோம்.
எட்டாம் வகுப்பு. அழவில்லை.
"மேல பாத்ரூமுக்குக் கதவு இருக்கா?"

இல்லை.
ஆயுத பூஜைக்கு வேன் சங்கம் அடித்த ஃப்ளெக்ஸ் தொங்குகிறது.
அதில் மூன்றாவது வரிசையில்
கூப்பிய கையோடு அவள் அப்பா சிரிக்கிறார்.

ரசீதைத் திரும்ப எடுத்தேன்.
வாடகையில் பங்கு போக
மாசம் எழுநூற்று எழுபது மிஞ்சும்.
பிளாஸ்டிக் கதவு இரண்டாயிரத்து இருநூறு.
மூன்று மாசம்.
அதுவரை உள்ளே போகிறவர்
வெளியே வரும்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும்
என்று வீட்டில் சட்டம்.

மாதேசுக்கு ஒரு பாட்டும் முழுசாய்த் தெரியாது.
வளைவில் அடிப்பதுபோல
வாயாலேயே ஹார்ன் அடிக்கிறார்.